பெட்டி வந்தாச்சா?

வணக்கம் சார்.

வீடியோ கேம் துறைக்குத்தான் போவேன் என்கிற உங்கள் பையனோடு போன சனிக்கிழமை நீங்கள் என்னிடம் ஆலோசனைக்கு வந்தபோது வெளியே இன்னொரு குடும்பம் காத்திருந்ததால் பேச்சைப் பாதியில் முடிக்க வேண்டியதாகிவிட்டது. கிளம்பும்போது நீங்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "பெட்டி செய்யறவன் ஜப்பான்காரன், விற்கறவன் அமெரிக்காக்காரன். இதுல நம்ம பையனுக்கு என்ன சார் வேலை இருக்கு?" தம்பி பதில் சொல்லவில்லை. என் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்குப் பதில் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், உங்கள் பாஷையில் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் பாஷை சினிமா தியேட்டர். கல்யாண மண்டபமாக மாற்றும்வரை 19 வருஷம் நடத்தியதாகச் சொன்னீர்கள். அப்படியானால் இந்தத் தொழிலின் சூட்சுமம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். சீட்டு மாற்றலாம், ஏ.சி. போடலாம், புது சவுண்டு சிஸ்டம் இறக்கலாம். தீபாவளிக்கு முதல் நாள் ஊரே கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பெட்டி வந்தாச்சா? படப்பெட்டி பக்கத்துத் தியேட்டருக்குப் போய்விட்டால் உங்கள் குஷன் சீட்டில் யார் வந்து உட்காருவார்கள்?

வீடியோ கேம் ஓட்டும் இயந்திரம், அதாவது கேம் கன்சோல், அதுவும் தியேட்டர்தான் சார். நீங்கள் 'பெட்டி' என்று சொன்னது வெறும் கட்டடம். உள்ளே ஓடும் கேம்தான் படம். அதை எடுப்பவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள். அவர்கள் எந்தத் தியேட்டருக்குப் படம் தருகிறார்கள் என்பதில்தான் கோடிகள் புரண்டிருக்கின்றன.

ஒரு கதை சொல்கிறேன். 1996இல் நின்டெண்டோ கம்பெனி 'நின்டெண்டோ 64' என்ற கன்சோலைக் கொண்டுவந்தது. அதற்கு ஒன்றரை வருஷம் முன்பே, 1994 டிசம்பரில், சோனியின் முதல் பிளேஸ்டேஷன் ஜப்பானில் வந்திருந்தது. சோனி இந்தத் தொழிலுக்குப் புதுசு. நின்டெண்டோவோ பழம் தின்று கொட்டை போட்டது, அதன் இயந்திரமும் சக்தி வாய்ந்தது. ஆனால் நின்டெண்டோ கேமை கார்ட்ரிட்ஜில், அதாவது சிப் வைத்த சின்ன பிளாஸ்டிக் டப்பாவில், போட்டு விற்றது, சோனி சிடியில் விற்றது. பெரிய கார்ட்ரிட்ஜ் ஒன்றில் 64 மெகாபைட்தான் அடங்கும், ஆரம்பத்தில் வந்தவற்றில் அதுகூட இல்லை. சிடியில் 650 வரை போகும். கார்ட்ரிட்ஜ் தயாரிக்கச் செலவும் அதிகம், நாளும் அதிகம். கேம் நன்றாக ஓடினால் இன்னும் பத்தாயிரம் பிரதி அடித்துவிடலாம் என்பதெல்லாம் சிடியில் சுலபம்.

ஸ்கொயர் என்ற ஜப்பானிய கேம் கம்பெனியின் 'ஃபைனல் ஃபேன்டஸி' வரிசையில் முதல் ஆறு கேம்களும் நின்டெண்டோ இயந்திரங்களுக்காகவே வந்தவை. ஏழாவதைப் பெரிய அளவில், சினிமா மாதிரி காட்சிகளோடு எடுக்க நினைத்தார்கள். கார்ட்ரிட்ஜில் இடம் போதவில்லை. பிளேஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். 1997 ஜனவரி 31இல் அது வெளியானது, மூன்று சிடிகளில். அதன் பிறகு ஜப்பானில் நின்டெண்டோ பக்கம் திரும்பிப் பார்த்தவர்கள் குறைவு. மற்ற கேம் கம்பெனிகளும் சோனி பக்கம் சாய்ந்தன. முடிவில் பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல் விற்றது, நின்டெண்டோ 64 சுமார் 3 கோடியே 30 லட்சத்தோடு நின்றது. மரியோ, செல்டா என்ற பெரிய ஹிட் கேம்கள் நின்டெண்டோ கையில் இருந்தும் இந்த நிலை. சொந்தமாக இரண்டு சூப்பர் ஹிட் எடுக்கிற தியேட்டர்காரர் வருஷத்தின் மற்ற ஐம்பது வாரத்துக்கு என்ன செய்வார், நீங்களே சொல்லுங்கள்.

அதே சமயத்தில் மூன்றாவதாக ஒரு தியேட்டரும் இருந்தது, சேகா என்ற கம்பெனியின் சாட்டர்ன். அதை அமெரிக்காவில் 1995 செப்டம்பரில் வெளியிடுவதாகச் சொல்லியிருந்தவர்கள், மே மாதமே திடீரென்று "இன்றிலிருந்து கடையில் கிடைக்கும்" என்று அறிவித்தார்கள். போட்டிக்காரரை முந்துவதாக நினைப்பு. செப்டம்பரைக் கணக்கு வைத்து வேலை செய்துகொண்டிருந்த வெளி டெவலப்பர்களிடம், அதாவது கேம் தயாரிப்பவர்களிடம், கேம் தயாராக இல்லை. கடைக்காரர்கள் சிலருக்குச் சரக்கே கிடைக்காமல் கோபம். திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டாயிற்று, படம் இன்னும் ஷூட்டிங்கில் இருக்கிறது. போதாக்குறைக்கு சாட்டர்னுக்குள் இரண்டு பிராசஸர். இரண்டையும் ஒன்றாக மேய்ப்பது புரோகிராமர்களுக்குப் பெரிய தலைவலி.

இங்கேதான் உங்கள் பையனுக்கான சங்கதி ஆரம்பிக்கிறது. கன்சோல் கம்பெனி முதலில் வசப்படுத்த வேண்டியது விளையாடுகிறவனை அல்ல, புரோகிராமரை. சோனி அதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. சாதாரண கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபடி பிளேஸ்டேஷன் கேம் எழுத வசதி செய்து கொடுத்தது. 1997 வாக்கில் 'நெட் யாரோஸ்' என்று கறுப்பு நிறத்தில் ஒரு பிளேஸ்டேஷனைப் பொதுமக்களுக்கே விற்றது, வீட்டில் இருந்தபடி கேம் எழுதிப் பழக.

அப்புறம் அதே சோனிக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது. 2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3க்குள் இருந்த 'செல்' என்ற பிராசஸரை வசப்படுத்த டெவலப்பர்கள் படாத பாடு பட்டார்கள். அடுத்த கன்சோலை வடிவமைக்கும் தலைமைப் பொறுப்பைச் சோனி கொடுத்தது மார்க் செர்னி என்பவரிடம். அவர் அடிப்படையில் கேம் செய்கிறவர், பதின்வயதிலேயே அட்டாரி என்ற கேம் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். நேராக டெவலப்பர்களிடம் போய் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். 2013இல் ஒரு மேடையில் அவர் காட்டிய கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். புது கன்சோல் கைக்கு வந்ததிலிருந்து, ஒரு டீம் தன் கேமின் அடித்தளத்தை அதில் ஓடவைக்க எத்தனை மாதம் ஆகிறது? முதல் பிளேஸ்டேஷனில் ஒன்று இரண்டு மாதம். இரண்டாவதில் மூன்றிலிருந்து ஆறு. மூன்றாவதில் ஆறிலிருந்து பன்னிரண்டு. நான்காவதில் மறுபடி ஒன்று இரண்டு. பிளேஸ்டேஷன் 4 சுமார் 11 கோடியே 70 லட்சம் விற்றது, முந்தையது சுமார் எட்டே முக்கால் கோடி.

தம்பி இதைப் படித்தால் உடனே மடக்குவான்: பிளேஸ்டேஷன் 2 கஷ்டமான இயந்திரம்தானே, அதுதானே 15 கோடிக்கு மேல் விற்றது? மடக்கட்டும், நியாயம்தான். ஆனால் அது பழைய பிளேஸ்டேஷன் கேம்களையும் ஓட்டியது. வீட்டில் டிவிடி பிளேயராகவும் பயன்பட்டது. கூட்டம் சேர்ந்துவிட்ட தியேட்டருக்குப் படம் தர, மாடிப்படி செங்குத்தாக இருந்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். டெவலப்பர் கூட்டத்தைப் பார்த்து வருகிறார், கூட்டம் கேம்களைப் பார்த்து வருகிறது. எது முதலில் என்று கேட்டால் முட்டையா கோழியா கதைதான்.

இன்னும் ஒரே ஒரு உதாரணம். 'மரியோ கார்ட் 8' என்ற கேம் 2014இல் நின்டெண்டோவின் வீ யூ கன்சோலில் வந்தது, சுமார் 84 லட்சம் விற்றது. அந்தக் கன்சோல் மொத்தமே 1 கோடியே 35 லட்சம்தான். வெளி கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. அதே கேம், கொஞ்சம் சேர்த்து மெருகேற்றி, 2017இல் ஸ்விட்ச் கன்சோலுக்கு வந்தது. 6 கோடிக்கு மேல் விற்றது. கேம் அதேதான் சார், சுற்றிலும் இருந்த மற்ற கேம்கள்தான் வேறு. யூனிட்டி, அன்ரியல் மாதிரி எல்லோரும் பயன்படுத்தும் என்ஜின்களில், அதாவது கேம் எழுத உதவும் ரெடிமேட் மென்பொருள்களில், எழுதிய கேமை ஸ்விட்சுக்குக் கொண்டுவருவது நடக்கிற காரியமாக இருந்ததால், சின்னச் சின்ன டீம்கள்கூட வந்து குவிந்தன.

அப்படி வந்தவற்றில் புனேயில் செய்த 'ராஜி' உண்டு, 2020இல் முதலில் ஸ்விட்சில்தான் வந்தது. 'வெண்பா' உண்டு. பெயரைப் பார்த்ததும் நிமிர்வீர்கள் என்று தெரியும். கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் பழைய சமையல் குறிப்பு, இட்லி ஊற்றுவது, புட்டு அவிப்பது, இதுதான் கேம். டொரண்டோவில் உள்ள 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு செய்தது. 2023 ஜூலையில் ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் என்று மூன்று பெரிய கன்சோல்களுக்கும் வந்தது, மறு வருஷம் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் விருதும் வாங்கியது. இட்லிப் பானை பிளேஸ்டேஷனில் ஏறும் என்று பத்து வருஷம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

ஆகவே 'பெட்டி செய்கிறவன் ஜப்பான்காரன்' என்பது பெரும்பாலும் சரி. வேலை பெட்டியில் இல்லை, படத்தில் இருக்கிறது. நம் நாட்டில் அது எப்படி இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். யூபிசாஃப்ட் என்ற பெரிய கேம் கம்பெனிக்குப் புனேயிலும் மும்பையிலும் ஸ்டுடியோ இருக்கிறது, ராக்ஸ்டார் என்ற இன்னொன்றுக்குப் பெங்களூரில் இருக்கிறது. புரோகிராமிங், ஆர்ட், டெஸ்டிங், அப்புறம் போர்ட்டிங், அதாவது ஒரு கன்சோலில் ஓடும் கேமை இன்னொன்றில் ஓடவைக்கும் வேலை. எந்தக் கன்சோல் ஜெயித்தாலும் போர்ட்டிங் தெரிந்தவனுக்கு வேலை உண்டு.

டெஸ்டிங் என்றால் நாள் முழுக்க ஜாலியாக விளையாடுவது என்று தம்பி நினைத்தால் அதை இப்போதே கலைத்துவிடுங்கள். கன்சோல் கம்பெனி ஒவ்வொரு கேமையும் தன் விதிப்பட்டியலை வைத்துச் சோதித்த பிறகுதான் கடையில் ஏற்றும். சண்டைக் காட்சி நடுவில் கன்ட்ரோலரின் இணைப்பு அறுந்தால் கேம் அப்படியே நின்று செய்தி காட்ட வேண்டும். அதைச் சோதிக்க ஒரு பையன் உட்கார்ந்து, ஒவ்வொரு காட்சியிலும், ஒவ்வொரு மெனுவிலும் கன்ட்ரோலரைத் துண்டித்துத் துண்டித்துப் பார்க்க வேண்டும். என்னிடம் ஆலோசனைக்கு வந்து இப்போது இந்த வேலையில் இருக்கும் ஒருவன் சொன்னான்: "சார், ஒரே கதவை நேத்து இருநூறு தடவை திறந்து மூடினேன். நூத்தி எண்பதாவது தடவை ஹீரோ கதவுக்குள்ள மாட்டிக்கிட்டான். அன்னிக்கு எனக்கு அவ்ளோ சந்தோஷம்." இந்தச் சந்தோஷம் புரிகிற பையனுக்குத்தான் இந்தத் துறை.

மறைக்கக் கூடாதது ஒன்று. வேலை நீக்கம் இங்கே அடிக்கடி நடக்கிறது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரையும், அடுத்த மாதமே சோனி தன் பிளேஸ்டேஷன் பிரிவில் சுமார் 900 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. அதனால்தான் பதினேழு வயதில் 'கேம் டிசைன்' என்று மட்டும் எழுதிய சான்றிதழுக்கு லட்சக்கணக்கில் கட்ட வேண்டாம் என்கிறேன். நீங்கள் காட்டிய அந்தப் பயிற்சி மைய நோட்டீஸில் 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எந்தத் தொழிலிலும் அப்படி ஒன்று கிடையாது. மினிமம் கியாரண்டி கொடுத்துப் படம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டம் படிக்கட்டும். பி.இ. கிடைத்தால் நல்லது, பி.எஸ்சி.யோ பி.சி.ஏ.வோ ஆனாலும் கெட்டுப்போகாது. கேம் துறை கைவிட்டாலும் அந்தப் பட்டம் வேறு வாசலைத் திறக்கும். சி ப்ளஸ் ப்ளஸ் கட்டாயம் வேண்டும். ப்ளஸ் டூ கணக்கில் அணிகளும் வெக்டரும் வருகிறதே, பரீட்சை முடிந்ததும் எல்லோரும் தூக்கிப் போடுவார்கள், கேமில் ஒரு கார் திரும்புவதே அவற்றால்தான். வடிவமைப்பில்தான் ஆர்வம் என்று பின்னால் தெரிந்தால், பெங்களூர் என்.ஐ.டி.யில் (NID, தேசிய வடிவமைப்பு நிறுவனம்) டிஜிட்டல் கேம் டிசைனில் முதுகலை இருக்கிறது, டாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அது டிகிரிக்குப் பிறகு பார்க்க வேண்டிய விஷயம்.

எந்தக் கன்சோல் வாங்கித் தரலாம் என்று அம்மா கேட்டதாகத் தம்பி சொன்னான். இப்போதைக்கு எதுவும் வேண்டாம். வீட்டில் இருக்கும் லேப்டாப்பில் கோடோ என்ற இலவச என்ஜினை இறக்கிக்கொள்ளட்டும். ஒரே ஒரு திரை, ஒரு கதவு, ஒரு சாவி, அவ்வளவு சின்னதாக ஒரு கேம். முழுசாக முடித்திருக்க வேண்டும், பாதியில் நிற்கும் பெரிய கேம் எனக்கு வேண்டாம். அதை நீங்கள் விளையாடிப் பாருங்கள் சார். எங்கே மாட்டிக்கொள்கிறீர்களோ அதை ஒரு தாளில் குறித்து அவனிடம் கொடுங்கள்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு வாருங்கள். லேப்டாப், அந்தத் தாள், இரண்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். சார்ஜரை மறக்க வேண்டாம், எங்கள் தெருவில் சனிக்கிழமை கரண்ட் போகும்.