ஓம்னி இன்ஜினும் ஒரு இஞ்ச் பைப்பும்

கேள்வி: அண்ணே, மாந்தோப்பு ஷெட்டுல பழைய ஓம்னி கிடக்கு, அதை வெச்சு வெயிட் இல்லாத குட்டி கார் சேஸிஸ் (அடிச்சட்டம்) நானே பண்ணலாமா? - வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: தாராளமா பண்ணலாம் தம்பி, ஓம்னி பின்சக்கர டிரைவ்ங்கறதால மாருதி 800-ஐ விட இதுக்கு வாகானது. 1957-ல வந்த லோட்டஸ் செவன்ங்கற குட்டி ஸ்போர்ட்ஸ் கார் பாணியில ஒரு இஞ்ச் சதுர பைப், 16 கேஜ் கனம் (சுமார் ஒன்றரை மி.மீ.) போதும், ஆனா வெறும் கட்டமா விட்டா முறுக்கும், குறுக்கால பைப் போட்டு முக்கோணமாக்கிடுங்க, பலமே அங்கதான். எடுத்ததும் முழு வெல்டிங் வேணாம், புள்ளி புள்ளியா டேக் வெல்டு வெச்சு எதிரெதிர் மூலைக்கு டேப் புடிங்க, ரெண்டு அளவும் ஒண்ணா வந்தாதான் மேல போகணும், நான் ஒரே பக்கமா வெல்டிங் அடிச்சு ஃப்ரேம் வில்லு மாதிரி வளைஞ்சு போச்சு. ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசினது) தொடாதீங்க, வெல்டிங்ல வர்ற துத்தநாகப் புகை காய்ச்சல்ல படுக்க வெச்சிடும். அப்புறம், பதிவு இல்லாத வண்டி, தோப்புக்குள்ளயே ஓட்டுங்க, கிருஷ்ணகிரி ஹைவேஸ்ல ஏத்திடாதீங்க!