உணவில் நஞ்சை அளக்கும் வேலை: கேள்வி பதில்

உணவில் கலந்திருக்கும் நச்சுப்பொருள்களை அளப்பதுதான் 22 வருடமாக என் வேலை. நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

மேடம், உணவைக் கருவியில் வைத்தால் அதுவே சொல்லிவிடாதா?

அப்படியே வைக்க முடியாது. அரைக்கணும், கரைப்பானில் குலுக்கணும், கொழுப்பையும் நிறமியையும் நீக்கணும். கடைசியில் கருவிக்குள் போவது சில மைக்ரோலிட்டர்தான். 2003-இல் அனஸ்டாசியாடெஸ், லெஹோடே குழுவினர் வெளியிட்ட 'கெச்சர்ஸ்' முறை வந்த பிறகு பூச்சிக்கொல்லி எச்சம் பார்ப்பது ரொம்பச் சுலபமாகிவிட்டது. 10 கிராம் மாதிரி, 10 மில்லி அசிட்டோநைட்ரைல், அப்புறம் மக்னீசியம் சல்பேட்டும் உப்பும். அதைப் போட்டுக் குலுக்கும்போது குழாய் உள்ளங்கையில் சுடும். சுழற்றி எடுத்தால் கரைப்பான் மேலே தனியாக நிற்கும். இன்றைக்கும் அதைப் பார்க்கப் பிடிக்கும்.

என் ஆராய்ச்சித் தலைப்பு 'அஃப்லடாக்சினுக்கு மாதிரி எடுத்தல்'. நண்பர்கள் எல்லாம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் (மூலக்கூறுகளை அவற்றின் நிறையை வைத்து அடையாளம் காணும் விலையுயர்ந்த கருவி) வேலை பார்க்கிறார்கள். நான் ஏமாந்துவிட்டேனா?

இல்லவே இல்லை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தீவனத்தில் சேர்த்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சைதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்த நஞ்சுதான் அஃப்லடாக்சின். அது சரக்கில் சீராகப் பரவி இருக்காது. ஆயிரக்கணக்கான பருப்பில் ஒன்றிரண்டில் மட்டும் இருக்கும். அந்த ஒன்றிலோ மிக அதிகமாக இருக்கும். ஒரு கைப்பிடி அள்ளினால் அந்தப் பருப்பு சிக்காமலே போகலாம், சிக்கினால் நல்ல சரக்கும் மோசமாகத் தெரியலாம். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரிய நிலக்கடலைச் சரக்கு வந்தால் 100 இடத்தில் எடுத்து 20 கிலோ சேர்க்கச் சொல்கிறார்கள். மொத்தப் பிழையில் பெரும் பங்கு இந்த இடத்தில்தான் நுழைகிறது. எத்தனை விலையுயர்ந்த கருவி வாங்கினாலும் அது குறையாது. துணிந்து இதையே செய்யுங்கள்.

பாலில் மெலமைன் கலந்ததைச் சோதனை ஏன் கண்டுபிடிக்கவில்லை?

மெலமைன் என்பது பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ஒரு வேதிப்பொருள். சோதனை புரதத்தை நேரடியாக அளக்கவில்லை. 1883-இல் கெல்டால் வகுத்த முறையில் நைட்ரஜனை அளந்து, 6.25 போன்ற ஓர் எண்ணால் பெருக்கிப் புரதம் என்று எழுதுவார்கள். மெலமைன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் ஊற்றிய பாலில் அதைச் சேர்த்தால் புரதம் சரியாக இருப்பது போலவே எண் வரும். இப்படிக் கலப்படமான பாலால் 2008-இல் சீனாவில் கிட்டத்தட்ட 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போதெல்லாம் இதைத்தான் முதலில் சொல்வேன். சொல்லும்போது இன்னும் மனசு கனக்கிறது.

ஒரே மாதிரிக்கு இரண்டு ஆய்வகம் இரண்டு எண் தருகின்றன. யார் பொய் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் யாருமில்லை. அளவு குறையக் குறைய ஆய்வகங்களுக்கு இடையிலான வேறுபாடு கூடும் என்று 1980-இல் ஹார்விட்ஸ் காட்டினார். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால் சுமார் 16%, நூறு கோடியில் ஒரு பங்கு என்றால் சுமார் 45%. அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் ± (எண் எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற குறிப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

இந்த வேலைக்கு என்ன படிக்கணும்?

வேதியியல். கூடவே புள்ளியியல், அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

நீங்கள் செய்த பெரிய தப்பு?

உணவுப் பொதியிலிருந்து தாலேட் (பிளாஸ்டிக்கை நெகிழ வைக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்) கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா மாதிரியிலும், கருவி வரையும் கோட்டில் அழகான பீக், அதாவது முகடு. மூன்று வாரம் சந்தோஷமாக அளந்தேன். பிறகு உணவே இல்லாத வெறும் கரைப்பானை ஓட்டினால் அதிலும் அதே பீக், அதே உயரம்! தாலேட் வந்தது என் கையுறையிலிருந்து. மூன்று வாரத் தரவையும் அழித்துவிட்டு, கண்ணாடிப் பாத்திரங்களைச் சூளையில் சுட்டு, முதலிலிருந்து தொடங்கினேன். அதன் பிறகு வெறும் கரைப்பானை ஓட்டிப் பார்க்காமல் ஒரு நாள்கூட வேலையைத் தொடங்கியதில்லை.