எழுதினதைப் படிச்சுக் காட்டு
(வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் ‘கையால் கடைசியாகக் கடிதம் எழுதியது எப்போது?’ என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்கள் கொஞ்சம் பேர், திருப்பி என்னையே கேள்வி கேட்டவர்கள் நிறையப் பேர். கையால் எழுதி வந்தவை மொத்தமே இரண்டு. அதில் ஒன்று இன்லேண்ட் லெட்டர், முகவரியில் இன்னும் ‘வ.ஆ. மாவட்டம்’ என்று இருந்தது. வடாற்காட்டை 1989-லேயே பிரித்தாயிற்று, 2019-இல் வேலூரையும் மூன்றாக்கிவிட்டார்கள், ஆனாலும் தபால்காரர் தப்பில்லாமல் கொண்டுவந்து போட்டுவிட்டார். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

பேரப்பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் தலை சுற்றுகிறது. இது சோம்பேறித்தனமா, மொழிப்பற்று இல்லாததா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆற்காடு*

இரண்டுமே இல்லை ஐயா, இதை ஆரம்பித்து வைத்தது காசுக் கணக்கு. பொத்தான் போன் காலத்தில் எஸ்.எம்.எஸ். ஒன்றுக்கு ஆங்கில எழுத்து 160 பிடிக்கும், தமிழில் அடித்தால் 70 தான். அந்த எழுபதிலும் புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் ஏறும். ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து, போனுக்கு ஏழு. நாலு வரி நலம் விசாரித்தால் இரண்டு, மூன்று எஸ்.எம்.எஸ். காசு போய்விடும், அதுவும் எதிராளியின் போனில் தமிழ் தெரியாவிட்டால் வெறும் கட்டம் கட்டமாகப் போய் நிற்கும். அதனால் நாங்கள்தான், அதாவது பேரப்பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள்தான், ஆங்கில எழுத்தில் அடிக்கப் பழகினோம். காசுக் கணக்கு போய் வெகுநாளாயிற்று, பழக்கம் மட்டும் பிள்ளைகளுக்குச் சொத்தாக வந்திருக்கிறது.

தமிழ் அழிந்துவிடும் என்றெல்லாம் நான் பயப்படவில்லை. ஆனால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடுவது வம்புதான். போளூர்ப் பக்கத்திலிருந்து என் மாமா மூட்டுவலிக்குக் காட்டிக்கொள்ள வேலூர் வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நின்றவருக்கு என் மகன் ஆங்கில எழுத்தில் ‘வழி தெரியுதா’ என்று அனுப்பினான். ழகரத்துக்கு ஒரு எழுத்து அதிகமாகச் செலவழிக்க அவனுக்கு மனசு வரவில்லை. மாமா படித்தது ‘வலி தெரியுதா’. ‘காலையில மாத்திரை போட்டேன், இப்ப பரவாயில்ல’ என்று பதில் போட்டுவிட்டு அவர் ஒரு டீ சொல்லி உட்கார்ந்துவிட்டார், இவன் அவர் ஆட்டோ ஏறிவிட்டதாக நினைத்து ஆஸ்பத்திரி வாசலில் முக்கால் மணி நேரம் நின்றான். அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும்.

நீங்கள் திட்ட வேண்டாம். தமிழ் எழுத்திலேயே பதில் போட்டுக்கொண்டிருங்கள், தாத்தாவுக்குப் பதில் சொல்லவாவது ஒருநாள் விசைப்பலகையை மாற்றிப் பார்ப்பார்கள்.

அப்பா எழுதிய குடும்ப வரலாற்றை 1999-இல் கம்ப்யூட்டரில் அடித்து வைத்தோம். இப்போது திறந்தால் ஒன்றும் புரியாத ஆங்கில எழுத்தாக வருகிறது. போய்விட்டதா?
*அச்சகம் வைத்திருப்பவர், வாலாஜா*

போகவில்லை, வேஷம் கலைந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காலத் தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்தவை. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கம்ப்யூட்டர் தன் மனசுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் வைத்துக்கொள்ளும். எழுத்துரு இருக்கும்வரை அம்மா, அது போனால் அரைப்புள்ளி. பிரஸ்காரரான உங்களுக்கு இது தெரியாததில்லை, கல்யாணப் பத்திரிகை ஃபைலை வேறு கடைக்குக் கொண்டுபோய் மாப்பிள்ளை பெயரே மாறிப்போன கதைகள் உங்களிடமே நாலு இருக்கும்.

யூனிகோடில் இந்தத் தொல்லை இல்லை, அதில் ஒவ்வொரு எழுத்துமுறைக்கும் சொந்த இடம் உண்டு. தமிழ்நாடு அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. உங்கள் ஃபைல் எந்த எழுத்துருவில் அடித்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பாமினியா, டிஸ்கியா, டாம், டாப் வகையா என்று தெரிந்துவிட்டால் இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன, ஒட்டினால் நொடியில் மாறிவிடும். மாற்றிய பிறகு அப்பாவின் கையெழுத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், ஊர்ப்பெயர்கள்தான் அதிகமாக மாட்டும்.

போனில் பேசினால் அதுவே எழுதிவிடுகிறது. இதை எழுதுவது என்று சொல்லலாமா? என் மனைவி ‘நீ எழுதல, உளர்ற’ என்கிறாள்.
*தோல் கம்பெனி சூப்பர்வைசர், ராணிப்பேட்டை*

கூகுள் 2017-இல் தமிழுக்கும் இந்தப் பேச்சுத் தட்டச்சைக் கொண்டுவந்தபோது நானும் ஆசையாக உட்கார்ந்து, ‘பாலாத்துல தண்ணி வந்துகினு இருக்குது’ என்று சொல்லிப் பார்த்தேன். ‘பாலாற்றில் தண்ணீர் வந்து கிணறு இருக்குது’ என்று எழுதியது. நம் பக்கத்துக் ‘கினு’ அதற்குப் புரியவில்லை. ஆனால் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்த ஊர்க்காரனுக்கு அது முழுத் தப்பாகவும் படவில்லை! இப்போது எவ்வளவோ தேறியிருக்கிறது, ஆனாலும் ‘இன்னா’வை ‘என்ன’ என்று திருத்தும் வாத்தியார் புத்தி விடவில்லை.

ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதுவது நமக்குப் புதிசா என்ன? எங்கள் பக்கம் பட்டாளத்துக்குப் போனவர்கள் அதிகம், கணியம்பாடி பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் தெருவில் மூன்று பட்டாளத்துக்காரர் வீடுகள், மூன்று வீட்டுக்கும் நான்தான் கடிதம் எழுதுகிறவன், கூலி ஒரு தட்டு வேர்க்கடலை. எதிர்வீட்டு அக்கா அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து அரைத்துக்கொண்டே சொல்வார். ‘மாடு கன்னு போட்ச்சு, கெடேரி. மாமியாருக்கு கண்ணு ஆபரேசன் ஆச்சு. பணம் வந்துச்சு’ என்பார், அப்புறம் அரைப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். ‘நான் அழுதேன்னு எழுதிடாதடா’ என்பார். நானோ பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த மாதிரி ‘இவ்விடம் அனைவரும் நலம், தங்கள் நலமறிய ஆவல்’ என்று ஆரம்பித்துப் பாதிப் பக்கத்தை அதிலேயே தீர்த்துவிடுவேன், கடைசியில் கெடேரிக் கன்றை ஓரத்தில் செங்குத்தாக நெருக்கி எழுதுவேன்.

ஒட்டுவதற்கு முன்னால் அக்கா கேட்பார், ‘இன்னா எழுதின, படிச்சுக் காட்டு’. படித்ததும் பிடித்துக்கொள்வார். ‘நலமறிய ஆவல்னு நான் எங்கடா சொன்னேன்? நல்லா கீறீங்களான்னுதானே கேட்டேன், அத்த எழுது.’ நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிற இடத்தில் திருத்துவேன். எழுதப்படிக்கத் தெரியாதவர் என்று அக்காவை ஊரில் சொல்வார்கள், எனக்கு வாய்த்த முதல் எடிட்டர் அவர்தான்.

ஆகையால் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், பேசி முடிக்கிற வரைக்கும் உளறல்தான், ஒப்புக்கொள்கிறேன். பேசி முடித்ததும் போனைத் தூர வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்து, திரும்ப எடுத்துப் படித்து, எட்டு ‘அப்புறம்’களில் ஆறை எடுத்தால் அது எழுத்து. வாக்கியம் எங்கே முடிகிறது என்று போனுக்குத் தெரியாது, அது உங்களுக்குத்தான் தெரியும்.

துக்கச் செய்திக்குக் கட்டைவிரல் பொம்மை போடுகிறார்கள். மரியாதைக் குறைவா?
*பட்டு நெசவாளர், ஆரணி*

பார்த்தேன் என்ற அர்த்தத்தில் போடுகிறார்கள், தப்பெண்ணம் இல்லை. ஆனாலும் ‘பெரியப்பா காலமானார்’ என்பதற்குக் கீழே கட்டைவிரல் வரிசையாக நிற்பது கண்ணை உறுத்தத்தான் செய்கிறது. இரண்டு வார்த்தை எழுதிவிடுங்கள், முடிந்தால் நேரில் போய்விடுங்கள்.

ஏஐயிடம் சொன்னால் மனு, லீவு லெட்டர், வாழ்த்து எல்லாம் எழுதித் தருகிறது. நான் எழுதுவதைவிட நன்றாகவே இருக்கிறது. பயன்படுத்தலாமா?
*பெயர் போட வேண்டாம் என்றவர், காட்பாடி*

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்ததிலிருந்து இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. எங்கள் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டு பதினோரு நாள் தண்ணீர் நின்றது. பக்கத்து வீட்டுத் தம்பி, கல்லூரி முடித்தவன், ஏஐயிடம் சொல்லி ஒரு மனு தயார் பண்ணினான். முழுசாக இரண்டு பக்கம். ‘இது வெறும் கழிவுநீர்ப் பிரச்சினை மட்டுமல்ல, எமது எதிர்காலத் தலைமுறையின் ஆரோக்கியம் சார்ந்த அறைகூவல்’ என்று ஒரு வரி. தெருவே கைதட்டியது. அலுவலகத்தில் மனுவை வாங்கியவர் இரண்டு பக்கத்தையும் புரட்டிவிட்டு, ‘எந்தத் தெரு தம்பி?’ என்றார். அது மட்டும் மனுவில் இல்லை!

குறைதீர் நாளன்று வாசலில் அட்டை வைத்து உட்கார்ந்து மனு எழுதித் தருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒருவரிடம் போனோம். அவர் முதலில் எழுதவே இல்லை, கேட்டார். எந்த வார்டு, எந்த வீட்டு எதிரில், என்றைக்கிலிருந்து நிற்கிறது, முன்னாடி யாரிடம் சொன்னீர்கள், குழந்தைகள் யாருக்காவது காய்ச்சலா? பத்து வரியில் முடித்து, தேதி போட்டு, கையெழுத்து வாங்கினார். அந்த மனுவில் அலங்காரம் எதுவும் கிடையாது, நான்காம் நாள் அடைப்பு எடுத்தார்கள். ஏஐ எழுதியதை அப்படியே வைத்திருந்தால் எடுத்திருக்கமாட்டார்கள் என்று சத்தியம் பண்ண மாட்டேன், தெரு தெரியாமல் எங்கே போய் எடுப்பார்கள் என்று மட்டும் கேட்பேன்.

ஆகவே தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் உங்களிடம் இருக்கும் விவரத்தை முதலில் நீங்கள் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிழை திருத்தச் சொல்லுங்கள், சுருக்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததைப் படிக்கும்போது நீங்கள் வாழ்க்கையில் ஒருமுறைகூட வாயால் சொல்லாத வார்த்தை எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் கோடு போடுங்கள். மனைவிக்குப் பிறந்தநாள் வாழ்த்தை மட்டும் அதனிடம் கேட்காதீர்கள். மாட்டிக்கொள்வீர்கள், ‘இனிய இல்லத்தரசியே’ என்று எழுதிக் கொடுத்து ஒரு நண்பரை மாட்டிவிட்டிருக்கிறது.

தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியிருக்கிறேன். போனிலும் கம்ப்யூட்டரிலும் அடிக்க எந்த விசைப்பலகை பழகலாம்?
*கல்லூரி மாணவி, குடியாத்தம்*

டைப்ரைட்டர் முறையே கம்ப்யூட்டரில் கிடைக்கிறது, கை பழகியிருந்தால் அதிலேயே அடிக்கலாம். ஆனால் அதில் ‘கெ’ வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க. இயந்திரத்தில் தாள் நகர்கிற வரிசை அது. நாம் சொல்லும்போது அப்படிச் சொல்வதில்லையே. என்னைக் கேட்டால் தமிழ்99. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி அரசு ஏற்றுக்கொண்டது. இடது கைக்கு உயிர், வலது கைக்குப் பெரும்பாலும் மெய். ‘அம்மா’ என்றால் அ, ம, ம, ஆ, நாலு தட்டு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும்.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்க மாட்டார்கள், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்பார்கள். படிக்கிறவர்தான் எது மெய், எது உயிர்மெய் என்று இடம் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். இப்போது நாம் கேட்காமலேயே புள்ளி வந்து உட்காருகிறது. சில நேரம் வேண்டாத இடத்திலும் உட்காரும். ‘பப’ என்று அடிக்க நினைத்தால் ‘ப்ப’ ஆகிவிடும், நடுவில் அகரத்தைத் தட்டினால் சரியாகும்.

ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழாக மாற்றும் முறை சுலபம்தான், தெரியும். ஆனால் லோயர் பாஸ் பண்ணின விரல் உங்களுக்கு, அதை வீணாக்க வேண்டாம். ஒரு வாரம் தடுமாறும், பத்தாம் நாள் விசையைப் பார்க்காமல் அடிப்பீர்கள். அடுத்த கேள்வியைத் தமிழ்99-இலேயே அடித்து அனுப்புங்கள், பிழை இருந்தால் பிழையோடு போடுகிறேன்.