நேசோமீட்டர் என்றாலே அழுகிறாள்

கேள்வி: என் 7 வயது மகளுக்கு உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு ஆபரேஷன் கைக்குழந்தையாக இருந்தபோதே முடிந்துவிட்டது. மூக்கால் பேசுவதை அளக்க நேசோமீட்டர் மாட்டியபோது உதடு வலிக்கிறது என்று அழுது எழுந்துவிட்டாள். அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். மூக்கில் குழாய் விடும் வீடியோ பார்த்ததிலிருந்து எனக்கும் பயம். சளி இருந்தால் மூக்குச் சொட்டு மருந்து விட்டுக் கூட்டிப்போகலாமா? எண் அதிகமாக வந்தால் இன்னொரு ஆபரேஷனா? சில நாள் பால் மூக்கு வழியாக வருகிறது, வளர்ந்தால் சரியாகிவிடும்தானே?

பதில்: போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்கள், அதுதான் முக்கியம். பால் மூக்கு வழியாக வருவதை வளர்ந்தால் சரியாகும் என்று விட்டுவிடாதீர்கள். அண்ணத்தில் தையல் போட்ட இடத்தில் சிறு துளை விழுந்திருக்கலாம். அல்லது அண்ணத்தின் பின்பகுதியான மெல்லண்ணம் தொண்டையின் பின்சுவர் வரை எட்டி மூடாமல் இருக்கலாம். முன்பல்லுக்கு மேலே ஈறில் உள்ள இடைவெளியை, எலும்பு வைக்கும் வயது வரை மூடாமல் விட்டுவைப்பதும் உண்டு. எது என்று வாயைத் திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் காட்டுங்கள். அதற்குள் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்: நிமிர்ந்து உட்கார்ந்து குடிக்கும்போதே வருகிறதா, குனிந்தால், சிரித்தால் மட்டுமா? எந்தப் பக்க மூக்கில்? தண்ணீர், பால் மட்டுமா, சோறும் வருகிறதா? எப்போதிலிருந்து? குடிக்கும்போதெல்லாம் புரையேறி இருமினால் அன்றைக்கே போங்கள்.

துளை இருந்தால் நேசோமீட்டர் எண்ணும், அதாவது பேச்சொலியில் மூக்கு வழியாக வருவது எத்தனை சதவீதம் என்பதும், கூடும். அதனால் பேச்சுப் பயிற்சியாளரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். துளையைத் தற்காலிகமாக அடைத்து ஒரு முறை, அடைக்காமல் ஒரு முறை அளப்பார்கள். அடைத்ததும் எண் நன்றாக இறங்கினால் கசிவு துளையில். இறங்காவிட்டால் மெல்லண்ணத்தைப் பார்க்க வேண்டும். வீட்டில் நீங்கள் எதையும் வைத்து அடைத்துப் பார்க்காதீர்கள்.

நீங்கள் வீடியோவில் பார்த்தது எண்டோஸ்கோப்பி. அது வேறு பரிசோதனை. நேசோமீட்டரில் மூக்குக்குள் எதுவும் போகாது. மூக்குக்கும் வாய்க்கும் நடுவே, மேலுதட்டின் மேல் ஒரு தகடு கிடைமட்டமாக இருக்கும். அதன் மேலே ஒரு மைக், கீழே ஒரு மைக். தகட்டைத் தலைப்பட்டை தாங்குகிறது. அவள் அழுதது அநேகமாகத் தகடு உதட்டுத் தழும்பில் அழுத்தியதால்தான். அவ்வளவு அழுத்தத் தேவையே இல்லை. இடைவெளி இல்லாமல் தொட்டிருந்தால் போதும். பட்டையை இறுக்கினால் தகடு தழும்பில் பதியும். தளர விட்டால் சரிந்து, மூக்கொலி கீழ் மைக்கில் கலந்து எண் கெட்டுப்போகும். முதலில் தகட்டின் உயரத்தைச் சரிசெய்து, பிறகு பட்டையை மெதுவாக இறுக்கச் சொல்லிக் கேளுங்கள். சில கருவிகளில் தகட்டைக் கைப்பிடியோடு கழற்றிப் பிடிக்கலாம். தழும்பு நோகிற குழந்தைக்கு அது சுகம். ஆனால் குழந்தை கையில் கொடுத்தால் சாய்த்துவிடுவாள், பயிற்சியாளரே பிடிக்கட்டும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்த தகடு முழுவதும் காய்ந்த பிறகே உதட்டில் பட வேண்டும். ஈரத்தோடு வைத்தால் எரியும், ஜில்லென்றும் இருக்கும். கருவியைச் சரிபார்க்கும்போது ஸ்பீக்கரில் ஓர் ஒலி வரும். அந்த வேலை முடிந்தபின் குழந்தையை உள்ளே அழைக்கச் சொல்லுங்கள்.

அன்றைக்குக் கொண்டை, உச்சிக் குடுமி, பூ, கிளிப் எதுவும் வேண்டாம். பட்டை அதன்மேல் ஏறி நழுவும். கழுத்தோடு தாழ்த்திப் பின்னிவிடுங்கள். ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் ஒரு அட்டையை மேலுதட்டில் வைத்து "பாப்பா பாட்டு பாடு", "அப்பா கடைக்கு போ" என்று விளையாட்டாகச் சொல்ல வையுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சில விநாடிதான்.

மூக்குச் சொட்டு மருந்து வேண்டவே வேண்டாம். மூக்கடைப்பு எண்ணைப் பொய்யாகக் குறைக்கும். சொட்டு விட்டால் வேறு விதமாக மாறும். நாள்கணக்கில் நீங்களாகவே விட்டால் அடைப்பு முன்பைவிட அதிகமாகத் திரும்பும். சளி பிடித்தால் தேதியைத் தள்ளிப்போடுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்து தினமும் அடிக்கும் அலர்ஜி ஸ்ப்ரேயை நிறுத்தாதீர்கள், அதைப் பயிற்சியாளரிடம் சொன்னால் போதும்.

எண்ணை வைத்து மட்டும் யாரும் ஆபரேஷன் செய்வதில்லை. மூக்கொலி 30, வாயொலி 70 என்றால் எண் 30, கணக்கு அவ்வளவுதான். இதற்கு மேல் போனால் மூக்கொலி அதிகம் என்று இணையத்தில் சொல்லும் 32 என்ற எல்லை, மூக்கொலி எழுத்தே இல்லாத ஆங்கிலப் பத்திக்கு வைத்தது. தமிழில் ங, ஞ, ண, ந, ம, ன சேர்ந்தாலே எண் ஏறும். 'ஈ' நிறைந்த வாக்கியம் 'ஆ' நிறைந்ததைவிட அதிகம் காட்டும். பட்டையைக் கழற்றி மறுபடி மாட்டினாலே நாலைந்து புள்ளி மாறலாம். அதனால் ஒவ்வொரு முறையும் அதே வாக்கியங்களை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். ஆபரேஷன் வேண்டுமா என்பதைப் பயிற்சியாளரின் காது, அண்ணப் பரிசோதனை, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி எல்லாம் சேர்ந்து சொல்லும். செல்போன் ஆப்பில் அளந்து பார்த்துக் கலங்காதீர்கள். தகடு இல்லாமல் ஒரே மைக்கால் மூக்கொலியையும் வாயொலியையும் பிரித்து எடுக்க முடியாது.