தம்பியின் பையில் கம்மி மிட்டாய்

கேள்வி: என் தம்பி ஹெச்-1பி வேலை விசாவில் கலிஃபோர்னியாவில் இருக்கிறான். முதுகுவலிக்காக டாக்டர் சிபாரிசுடன் கஞ்சா கலந்த கம்மி மிட்டாய் சாப்பிடுகிறான். குடும்பத்தோடு ஃப்ளோரிடா போகிறான். அங்கும் மருத்துவக் கஞ்சாவுக்கு அனுமதி உண்டாமே, எடுத்துப் போகலாம்தானே?

பதில்: கூடவே கூடாது. 2016 வாக்கெடுப்பில் ஃப்ளோரிடா மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தது உண்மை. ஆனால் அது அம்மாநிலப் பதிவேட்டில் பெயர் உள்ள நோயாளிகளுக்கு மட்டும். வெளிமாநில டாக்டரின் சீட்டும் மருத்துவக் கஞ்சா அட்டையும் அங்கே வெறும் காகிதம். வருடந்தோறும் தொடர்ந்து 31 நாளாவது வந்து தங்குபவர்கள் அட்டை கேட்கலாம். ஒரு வாரச் சுற்றுலாவுக்குக் கிடைக்காது. (ஹவாய், யூட்டா போன்ற சில மாநிலங்கள் வெளியூர் நோயாளிக்குத் தற்காலிக அட்டை தருகின்றன. அங்கும் அட்டைக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து, கஞ்சாவைப் போன இடத்தில்தான் வாங்க வேண்டும்.)

எடை குறைவு என்றும் நினைக்க வேண்டாம். அட்டையில்லாதவரிடம் 20 கிராம் வரை கஞ்சா இலையோ பூவோ இருந்தால் ஓராண்டு வரை சிறை, 1,000 டாலர் வரை அபராதம். கஞ்சாச் செடியின் பிசினிலிருந்து எடுத்த சாற்றுக்கு இந்த 20 கிராம் சலுகையே கிடையாது. கம்மியும் வேப் கார்ட்ரிட்ஜும் (மின்சிகரெட்டில் செருகும் கஞ்சா எண்ணெய்க் குப்பி) பெரும்பாலும் அந்தச் சாற்றில்தான் செய்யப்படுகின்றன. ஒரே ஒரு மிட்டாய்க்கும் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கக்கூடிய பெருங்குற்ற வழக்கு வரலாம். உள்ளூர் நண்பர் தன் அட்டையில் வாங்கிக் கொடுத்தால் அவரும் சேர்ந்து மாட்டுவார்.

விமான நிலையச் சோதனையாளர்கள் கஞ்சாவைத் தேடுவதில்லை. கண்ணில் பட்டால் போலீஸிடம் ஒப்படைப்பார்கள். காரில் போனாலும் மாநில எல்லையைத் தாண்டிக் கொண்டு செல்வது மத்திய சட்டப்படி குற்றம்.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய கவலை விசா. குடிவரவுச் சட்டம் மத்திய அரசுடையது, கலிஃபோர்னியாவின் அனுமதி அதைக் கட்டுப்படுத்தாது. சொந்த உபயோகத்துக்கு 30 கிராமுக்குள் வைத்திருந்த ஒரே ஒரு வழக்கென்றால் நாடுகடத்தலிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்ப நுழையும்போது அந்த விலக்கு உதவாது. தண்டனையே இல்லாவிட்டாலும், கஞ்சா வைத்திருந்ததாக அதிகாரியிடம் முறைப்படி ஒப்புக்கொண்டால் அதுவே நுழைவை மறுக்கப் போதும். கிரீன் கார்டுக்கும் அதே தடை.

பயணத்துக்கு மாற்று வலி மருந்தை டாக்டரிடம் இப்போதே கேட்கச் சொல்லுங்கள். கிளம்புமுன் கோட்டுப் பை, கைப்பை, குழந்தையின் பை எல்லாவற்றையும் கொட்டிப் பார்க்கட்டும். மறந்துபோன கார்ட்ரிட்ஜ் அங்கேதான் கிடக்கும். கைப்பேசியில் கஞ்சாவோடு எடுத்த படம் இருந்தால் அதைப் பற்றியும், அதிகாரி கேட்டால் என்ன சொல்வது என்பதைப் பற்றியும் குடிவரவு வக்கீலிடம் பேசிவிட்டு விமானம் ஏறட்டும். பொய் மட்டும் சொல்லக் கூடாது, அது தனி வழக்கு.