"மசோதா நிறைவேறிவிட்டது, உடனே பதிவு பண்ணுங்க" என்கிறார் புரோக்கர். பண்ண வேண்டுமா?

கேள்வி: சென்னைக்கு வெளியே ஒரு மனை வாங்கப் பேசி முடித்து முன்பணமும் கொடுத்துவிட்டோம். அடுத்த மாதம் கிரயம். பத்திரப்பதிவுச் சட்டத்தைத் திருத்தும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறிவிட்டதாம், புதுக் கெடுபிடி வருவதற்குள் இந்த வாரமே பதிவை முடித்துவிடுங்கள் என்று புரோக்கர் விரட்டுகிறார். புதுச் சட்டம் வரட்டும், அதுதான் நமக்குப் பாதுகாப்பு, பொறுத்திரு என்கிறார் என் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது? சட்டம் நிஜமாகவே மாறிவிட்டதா என்று நானே எப்படிப் பார்ப்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கையில் இன்னும் வராத ஒரு சட்டத்தை நம்பி ஒருவர் ஓடச் சொல்கிறார், இன்னொருவர் உட்காரச் சொல்கிறார். உங்கள் கிரயம் எந்த நாளில் நடக்கிறதோ அந்த நாளில் அமலில் இருக்கும் சட்டம்தான் உங்களுக்கு. "நிறைவேறியது" என்று தொலைக்காட்சியில் ஓடும் வரி அந்த நாளைச் சொல்வதில்லை.

தமிழ்நாட்டில் மசோதா நிறைவேறுவது பெரிய கண்டம் இல்லை. 1986-இல் மேலவை போனபிறகு இருப்பது ஒரே அவைதான். கூட்டத்தொடரின் கடைசி நாளில் வரிசையாகப் பல மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நிஜமான காத்திருப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆளுநர் ஒப்புதல் தரலாம், வரி, செலவு பற்றிய பண மசோதாவாக இல்லாவிட்டால் ஒப்புதலை நிறுத்தி மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவரின் முடிவுக்கு ஒதுக்கலாம். இதெல்லாம் அரசியலமைப்பின் 200-ஆவது பிரிவில் இருக்கிறது. பத்திரப்பதிவு என்பது மத்திய அரசும் மாநில அரசும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் வருகிறது, அடிப்படைச் சட்டமோ 1908-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். அதனால் அதோடு முரண்படுகிற மாநிலத் திருத்தம் செல்லுபடியாக வேண்டுமென்றால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தேவை. உங்கள் புரோக்கர் சொல்லும் மசோதா அப்படிப்பட்டதாக இருந்தால் இந்த வாரம், அடுத்த வாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எவ்வளவு நாள் ஆகும்? கணக்குப் போட வழியில்லை. ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கால வரம்பு சொல்லி, நிலுவையில் கிடந்த தமிழகத்தின் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 8-இல் தீர்ப்பு சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்கையில், நீதிமன்றம் அப்படிக் கெடு விதிக்க முடியாது, தானாக ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்றது, காரணமே சொல்லாமல் நீண்ட காலம் கிடப்பில் போட்டால் மட்டும் ஓரளவு தலையிடலாம் என்றும் விட்டுவைத்தது. நீட் விலக்கு மசோதா நிறைவேறியது 2021 செப்டம்பரில். ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றி அனுப்பினார்கள். குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டார் என்ற அறிவிப்பு வந்தது 2025 ஏப்ரலில்.

நிறைவேறிய மசோதாவை அரசே திரும்பப் பெற்ற கதையும் உண்டு. 2023 ஏப்ரல் 21-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தும் மசோதா நிறைவேறியது. "இனி 12 மணி நேர வேலை" என்று ஊரே பேசியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. மூன்று நாளில் நிறுத்திவைப்பதாக முதல்வர் அறிவித்தார், மே 1-இல் திரும்பப் பெறுவதாகவும் சொல்லிவிட்டார். அந்த மசோதாவைப் படித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். 65ஏ என்று ஒரு புதுப் பிரிவைச் சேர்த்து, வேலை நேரம் பற்றிய சில பிரிவுகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்கு தரும் அதிகாரத்தை அது அரசுக்குக் கொடுத்தது. அது சட்டமாகியிருந்தாலும் ஒவ்வொரு தொழிற்சாலையிலும் மறுநாளே வேலை நேரம் மாறியிருக்காது, அரசு தனியாக அறிவிக்கை போட்டிருக்க வேண்டும். எதிர்த்தவர்கள் எதிர்த்தது நியாயம்தான், அது வேறு பேச்சு. ஆனால் "இனி 12 மணி நேரம்" என்ற தலைப்புக்கும் மசோதாவில் இருந்த வாசகத்துக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருந்தது.

சரி, ஒப்புதல் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது அமலா? அதுவும் நிச்சயமில்லை. எந்த மசோதாவை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது அதன் முதல் பிரிவைத்தான். பெயர், எங்கே பொருந்தும், எப்போது அமலுக்கு வரும் என்ற மூன்றும் அங்கேதான் இருக்கும். "உடனடியாக நடைமுறைக்கு வரும்" என்றால் ஒரு மாதிரி. "அரசு அறிவிக்கை வாயிலாகக் குறிப்பிடும் தேதியில்" என்றால் இன்னொரு அறிவிக்கை வரும்வரை அது புத்தகத்தில்தான் இருக்கும். வாடகைதாரர், வீட்டு உரிமையாளர் இருவருக்குமான புதுச் சட்டம் 2017-ஆம் ஆண்டுச் சட்டம்தான், ஆனால் அமலுக்கு வந்தது 2019 பிப்ரவரி 22-இல். இடைப்பட்ட காலம் முழுக்க 1960-ஆம் ஆண்டின் பழைய சட்டம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அவர் யோசனை பார்வைக்குப் பத்திரமாகத் தெரிகிறது. புதுச் சட்டம் நம்மைக் காப்பாற்றும் என்பவர்களுக்கு பத்திரப்பதிவுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 77ஏ பிரிவின் கதையைச் சொல்வேன். போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்ற அந்தத் திருத்தம் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் வந்து அமலானது 2022 ஆகஸ்ட் 16-இல். கோர்ட்டுக்கு அலைய வேண்டாம், ஒரு மனு போதும் என்று நிறையப் பேர் மனு கொடுத்தார்கள். பழைய தேதியில் பதிவான பத்திரங்களுக்கும் பொருந்துமா என்று வழக்குகள் கிளம்பின. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவே செல்லாது என்றது. அமலுக்கு வர ஏறக்குறைய ஓராண்டு, வந்தபிறகு ஆயுள் இரண்டு ஆண்டுகூட இல்லை. இதை நம்பி மூலப்பத்திரம் பார்க்காமல், வில்லங்கச் சான்று சரியாகப் போடாமல் வாங்கியவரை நினைத்துப் பாருங்கள்.

முன்தேதியிட்டு வருகிற சட்டங்களும் உண்டு, மனை வாங்குகிறவர் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். குற்றம், தண்டனை என்றால் அரசியலமைப்பின் 20-ஆவது பிரிவு முன்தேதியிடுவதைத் தடுக்கிறது. வரி, நிலம், ஒப்பந்தம் இவற்றில் சட்டமன்றம் தெளிவாக எழுதினால் பின்னோக்கிப் போகலாம். 2019-இல் தமிழ்நாடு நில எடுப்புச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. நெடுஞ்சாலை, தொழிற்பேட்டை போன்றவற்றுக்கு நிலம் எடுக்கும் மூன்று மாநிலச் சட்டங்களுக்கு மறுபடி உயிர் கொடுத்து, அது 2013 செப்டம்பர் 26 முதலே பொருந்தும் என்று எழுதினார்கள். உச்ச நீதிமன்றம் 2021-இல் அது செல்லும் என்றது. நீங்கள் பார்த்திருக்கும் மனை நெடுஞ்சாலை ஓரமா, பக்கத்தில் தொழிற்பேட்டை வருகிறதா என்பதெல்லாம் இந்த மசோதாவைவிட உங்களுக்கு முக்கியம். நில எடுப்பு அறிவிக்கை எதிலாவது உங்கள் சர்வே எண் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், உங்கள் பாக்கெட்டைத் தொடுகிற மாற்றங்களில் பல மசோதா இல்லாமலே வந்துவிடும். வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நிலமதிப்பு), பதிவுக் கட்டணம் எல்லாம் அப்படித்தான். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது, கூடவே வழிகாட்டி மதிப்பு 2017-இல் குறைப்பதற்கு முன்பிருந்த அளவுக்கு ஏறியது. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இவையெல்லாம் பட்ஜெட் உரையில் அறிவித்து, ஆணை போட்டு, தேதி குறித்து அமலாக்கியவை. புரோக்கர் விரட்டுவதற்கு இப்படி ஓர் ஆணை காரணமாக இருந்தால் அதைக் காட்டச் சொல்லுங்கள், அது நிஜமான காரணம்.

நீங்களே பார்ப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். முதலில் மசோதாவின் எண்ணையும் ஆண்டையும் புரோக்கரிடம் கேளுங்கள். பாதிச் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும், பெரும்பாலும் அவரிடம் இருப்பது யாரோ அனுப்பிய ஒரு படம்தான். எண் கிடைத்தால் சட்டமன்றப் பேரவையின் இணையதளத்தில் மசோதாவைத் தேடலாம். அரசிதழ் எழுதுபொருள் அச்சுத் துறையின் தளத்தில் கிடைக்கும். அங்கே ஒரு சின்னக் குறிப்பு: தமிழ்நாடு அரசிதழில் பகுதி 4, பிரிவு 1-இல் வருவது மசோதா, பிரிவு 2-இல் வருவது சட்டமும் அவசரச் சட்டமும். கையில் இருக்கும் தாளின் தலைப்பில் பிரிவு 1 என்றிருந்தால் அது இன்னும் மசோதாதான், எவ்வளவு முத்திரை குத்தியிருந்தாலும் சரி.

திருத்த மசோதாவைத் தனியாகப் படித்தால் ஒன்றும் புரியாது. இந்தப் பிரிவில் இந்தச் சொற்களுக்குப் பதிலாக இந்தச் சொற்கள் என்றே போகும், அதனால் மூலச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இருக்கும் நோக்க காரண விளக்கவுரை எளிமையாக இருக்கும், பத்திரிகைச் செய்தியும் பெரும்பாலும் அதிலிருந்துதான் எழுதப்படும். அது அரசு தன் தரப்பைச் சொல்லும் இடம், நாளைக்கு உங்கள் பத்திரத்தை நிறுத்தப்போவது பிரிவில் உள்ள வாசகம்தான். பதிவாளர் "மறுக்கலாம்" என்றிருக்கிறதா, "மறுக்க வேண்டும்" என்றிருக்கிறதா பாருங்கள். "வகுத்துரைக்கப்படும் முறையில்" என்று வந்தால் அதற்கு விதிகள் வர வேண்டும், அவை வராமல் சார்பதிவாளருக்கே என்ன செய்வதென்று தெரியாது.

உங்கள் விஷயத்தில் நான் சொல்வது இதுதான். கிரயத் தேதியை மசோதாவுக்காக முன்னாலும் இழுக்காதீர்கள், பின்னாலும் தள்ளாதீர்கள். மூலப்பத்திரங்களின் அசல், வில்லங்கச் சான்று, பட்டா, மனைப்பிரிவு அனுமதி நான்கையும் ஒரு வக்கீல் பார்த்து எழுதித் தரும்வரை பதிவு வேண்டாம். அதற்கு மூன்று வாரம் ஆனால் ஆகட்டும். பதிவுக்கு முதல் நாள் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஏதாவது புதுச் சுற்றறிக்கை வந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். விற்பனை உடன்படிக்கை இன்னும் எழுதவில்லை என்றால், பதிவுக்குள் கட்டணமோ வழிகாட்டி மதிப்போ மாறினால் கூடுதல் செலவு யாருடையது, சட்ட மாற்றத்தால் பதிவே நின்றுபோனால் முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்ற இரண்டையும் அதில் எழுதச் சொல்லுங்கள். இதற்கு விற்பவர் முரண்டுபிடித்தால், அவசரம் யாருக்கு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.