வீட்டுப் புகலிடமும் அணுகுண்டும்

கேள்வி: எங்கள் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறது. அதிலுள்ள வீட்டுப் புகலிடம் அணுகுண்டிலிருந்து எங்களைக் காக்குமா? அயோடின் மாத்திரை வாங்கி வைக்கலாமா? செய்திகளைப் பார்த்துவிட்டு என் மாமியார் இரவில் உறங்குவதேயில்லை.
– வாசகி, செங்காங்

பதில்: 1997ஆம் ஆண்டின் குடிமைத் தற்காப்புப் புகலிடச் சட்டத்தை ஒட்டி வந்த இந்த அறைகள், வழக்கமான குண்டுகளின் அதிர்ச்சியையும் தெறிக்கும் சிதறல்களையும் மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. அணுகுண்டு மிக அருகில் வெடித்தால் எந்த அறையும் உதவாது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் வெடிப்பின் தாக்கத்திற்கு அப்பால் இருப்பவர்களுக்கு, காற்றில் வந்து படியும் கதிரியக்கத் தூசிதான் பெரும் ஆபத்து. அந்தத் தூசி கூரையிலும் தரையிலும் படிவதால், மேலே இன்னும் பல மாடிகள் உள்ள பன்னிரண்டாவது மாடியில், வெளிச்சுவரிலிருந்து தள்ளியுள்ள அறை நல்ல இடமே. கனமான கான்கிரீட் சுவர் கதிர்வீச்சைப் பெருமளவு தடுக்கும்.

தூசியின் வீரியம் விரைவாகக் குறையும். வெடித்து 1 மணி நேரத்தில் இருந்த அளவு, 7 மணி நேரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகவும், 2 நாள்களில் நூற்றில் ஒரு பங்காகவும் ஆகிவிடும். ஆகவே முதல் 24 மணி நேரம் உள்ளேயே இருப்பதுதான் உயிரைக் காக்கும். இதில் பெற்றோருக்குத்தான் பெருஞ்சோதனை. பிள்ளை பள்ளியில் இருக்கும்போது ஓடிப்போய் அழைத்துவரத் துடிக்காத தாய் உண்டா? ஆனாலும், பிள்ளை கட்டடத்திற்குள் இருக்க, நீங்கள் தூசி விழும் தெருவில் நடப்பதும் பிறகு அவனையும் அதே தெருவில் நடத்தி வருவதும் இருவருக்குமே கேடு. இதை இப்போதே, அமைதியாக இருக்கும் நாளில், பிள்ளையிடம் பேசி வையுங்கள். வெளியிலிருந்து வந்தவர் மேலாடையைக் களைந்து பையில் கட்டி ஒதுக்கிவிட்டுச் சோப்பிட்டுக் குளித்தால் உடலில் ஒட்டிய தூசியின் பெரும்பகுதி போய்விடும்.

அயோடின் மாத்திரை தைராய்டு சுரப்பியை மட்டுமே, அதுவும் கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டுமே காக்கும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குப் பயன் குறைவு. அதிகாரிகள் அறிவிக்காமல் யாரும் விழுங்கக் கூடாது. ஆகவே உங்கள் மாமியாருக்கு அதைவிட அவர் அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகள் இரண்டு வாரத்திற்குக் கையிருப்பில் இருப்பதே முக்கியம். மின்சாரம் நின்றால் மின்தூக்கியோடு தண்ணீரும் நிற்கலாம் என்பதால், ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் கணக்கில் குடிநீர் சேர்த்து வையுங்கள், ஒலி 96.8 கேட்பதற்கு மின்கலத்தில் இயங்கும் வானொலி ஒன்றும் வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் புகலிடம் பயணப்பெட்டிகளும் தீபாவளிப் பாத்திரங்களும் நிறைந்த சாமான் அறையாகிவிட்டது. இந்த வாரயிறுதியில் மாமியாரையும் கூட வைத்துக்கொண்டு அதை ஒழித்து, அவர் உட்கார ஒரு நாற்காலி போடும் அளவுக்கு இடம் செய்யுங்கள்.